மறுமுனையில் யார் இருக்கிறார்? தொலைவில் இருந்து படித்தவர்களின் 180 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

பாடசாலை மூடவேண்டி வரும் ஒவ்வொரு தடவையும் "ஒன்லைன்ல நடத்தலாம்தானே" என்று மேலே இருந்து ஒரு குரல் வரும். 2020இல் கொரோனாவுக்கு வந்தது. 2022இல் பெற்றோல் வரிசைக்கு வந்தது. வெள்ளம் வந்தாலும் வருகிறது. கீழே இருந்து உம்மாமார் வேறொன்று சொல்வார்கள்: "டீச்சர், புள்ள நாள் முழுக்க போனோடதான் இருக்கான், ஆனா ஒண்டும் ஏறல்ல."

இரண்டு குரலும் புதியவை அல்ல. தபால், சினிமா, டீவி, கணினி என்று ஒவ்வொன்று வந்தபோதும் இதே வாக்குறுதியும் இதே முறைப்பாடும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பதிலைத் தெரியாமல் நாம் ஸ்மார்ட் போர்டுக்கும் டெப்புக்கும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

*

180 வருடத்துக்கு முன்னால், நமக்கு நெருக்கமான ஓர் இடத்தில் இருந்து தொடங்குகிறேன்.

ஹிஜ்ரி 643இல், அதாவது 1245இல், திமிஷ்கில் வபாத்தான இமாம் இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸ் கலை பற்றிய தன் நூலில் ஒரு ஹதீஸ் ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேரும் வழிகளை எட்டாக வகுத்தார். முதலாவது 'ஸமாஉ': ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பது. இரண்டாவது 'அர்ழ்': மாணவர் வாசிக்க ஆசிரியர் கேட்டுக்கொண்டிருப்பது. பிறகு இஜாஸா, முனாவலா. ஐந்தாவது 'முகாதபா': தொலைவில் உள்ள மாணவருக்கு ஆசிரியர் எழுதி அனுப்புவது. கடைசி 'விஜாதா': யாரோ எழுதிய ஏட்டை ஒருவர் கண்டெடுத்து வாசிப்பது.

கவனியுங்கள். அவர்கள் தொலைவழிக் கல்வியைத் தள்ளிவிடவில்லை. கடிதத்தால் வரும் அறிவுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். ஆனால் விஜாதாவைக் கடைசியில் வைத்தார்கள், ஏனென்றால் அங்கே தொடர்பு அறுந்திருக்கிறது. எழுத்து கையில் இருக்கிறது, எழுதியவர் இல்லை. தப்பாக வாசித்தால் திருத்த ஆளில்லை.

இன்றும் ஹிப்ழ் வகுப்பில் உஸ்தாத் ஓதிக்காட்டுவதோடு நிற்பதில்லை. பிள்ளை ஓத, அவர் கேட்கிறார். அந்த இரண்டாவது பாதி இல்லாமல் ஹிப்ழ் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கதைக்கு வருவோம்.

*

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்று ஆனது. ஐசக் பிட்மன் என்ற ஆசிரியர் தான் உருவாக்கிய சுருக்கெழுத்தைத் தபால் வழியாகக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பைபிள் வாசகங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். நவீன தொலைக்கல்வியின் தொடக்கம் என்று பலரும் இதைத்தான் சொல்வார்கள். பாடத்தை அச்சடித்து விற்பது அதற்கு முன்பே இருந்தது. பிட்மன் சேர்த்தது திருத்தம். சிவப்பு மையோடு ஒரு கடிதம் திரும்பி வரும் என்று தெரிந்தால் மாணவன் எழுதுவான்.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு கதவைத் திறந்தது. எங்கே படித்தவராயினும் அதன் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம். பல்கலைக்கழகம் பரீட்சை நடத்தும், கற்பிக்காது. அந்த இடைவெளியை நிரப்ப 1887இல் வில்லியம் பிரிக்ஸ் தபால்வழிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். காசு கொடுத்தாவது தன் விடையைப் பார்க்க ஓர் ஆளைத் தேடினார்கள் மாணவர்கள்.

இது நம் கதையும்தான். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, மாணவர்களை லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் தயார்படுத்தியது. பரீட்சை கடல் கடந்து வந்தது. விரிவுரையாளர் கொழும்பில் இருந்தார். பட்டம் எவ்வளவு தூரத்தில் இருந்து வந்தாலும் பரவாயில்லை, கற்பிப்பவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நம் முன்னோர் விளங்கியிருந்தார்கள்.

*

அடுத்தது படமும் ஒளிபரப்பும்.

1913இல் தோமஸ் எடிசன், பாடசாலைகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்துபோகும், பத்து வருடத்தில் பாடசாலை முறையே மாறிவிடும் என்றார். சினிமா எல்லாவற்றையும் கற்பிக்கும் என்பது அவரது நம்பிக்கை. நூறு வருடம் தாண்டிவிட்டது. நம் பிள்ளைகளின் புத்தகப்பையின் பாரம் உங்களுக்குத் தெரியும்.

1964இல் பசிபிக் கடலில் உள்ள அமெரிக்க சமோவாவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாது. ஆகவே ஸ்டூடியோவில் இருந்து தேர்ந்த ஆசிரியர்கள் டீவி வழியாகப் பாடம் நடத்துவார்கள், வகுப்பில் உள்ள ஆசிரியர் பின்தொடர்ந்து பயிற்சி கொடுப்பார் என்று ஏற்பாடு. தீவுகளின் பாடசாலைகளில் முதன்மைக் கற்பித்தலே டீவி என்றானது. தொடக்கத்தில் நல்ல உற்சாகம். ஆனால் மேல் வகுப்புகளில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அலுப்புத் தட்டியது. எல்லா வகுப்புக்கும் ஒரே வேகம். பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் டீவி நிற்காது. 1970களில் டீவி மெல்ல மெல்லத் துணைக்கருவியாகச் சுருங்கியது.

அதே காலத்தில் இன்னொரு நாட்டில் ஒளிபரப்பு வென்றது. 1969இல் சாசனம் பெற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சுமார் 24,000 பேர். பலர் வேலை செய்பவர்கள். பிபிசியில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் போன விரிவுரைகள்தான் எல்லோர் நினைவிலும் நிற்கின்றன. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தாங்கியவர்கள் பாட வழிகாட்டிகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி. ஒப்படையைத் திருத்தி, பக்க ஓரத்தில் குறிப்பெழுதி அனுப்புவார். கோடைகாலப் பாசறைகளில் முகம் பார்த்துப் பேசினார்கள்.

1980இல் நம் நாட்டில் உருவான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் இதே வழியில்தான் வந்தது. அச்சிட்ட பாடநூல், ஒப்படை, பிரதேச நிலையங்களில் நேரடி வகுப்பு. குடும்பத்தையும் வேலையையும் சுமந்துகொண்டு அங்கே பட்டம் எடுத்த ஆசிரியர்கள் நம் பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள். கேட்டுப்பாருங்கள். நூலைவிட, சனிக்கிழமை வகுப்பைப் பற்றியும் அங்கே கிடைத்த கூட்டாளிகளைப் பற்றியும்தான் அதிகம் சொல்வார்கள்.

*

கணினிக்கு வருவோம். 1960இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கற்பித்தல் முறையை உருவாக்கினார். கேள்வி கேட்கும், விடை சரியா பிழையா என்று உடனே சொல்லும். டீவி செய்யாததை அது செய்தது. சுவையான விஷயம் 1973இல் நடந்தது. அதில் குறிப்புப் பலகையும் எழுத்து அரட்டையும் சேர்க்கப்பட்டன. பாடத்துக்காகக் கட்டப்பட்ட இயந்திரத்தில் மாணவர்கள் ஒருவரோடொருவர் பேச மணிக்கணக்காக உட்கார்ந்தார்கள். திரைக்குப் பின்னால் ஆள் இருந்தபோதுதான் திரை இழுத்தது.

2011இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டது. சுமார் 160,000 பேர் பதிந்தார்கள். சுமார் 23,000 பேர் முடித்தார்கள். 'திறந்த இணையப் பாடங்களின் ஆண்டு' என்று பத்திரிகைகள் 2012ஐக் கொண்டாடின. அந்தப் பாடத்தை நடத்தியவர்களில் ஒருவரான செபஸ்தியன் திரன் 'யுடாசிட்டி'யை நிறுவினார். 2013இல் சான் ஹோஸே அரச பல்கலைக்கழகத்தில், கணிதத்தில் பின்தங்கியவர்களும் உள்ளடங்கிய மாணவர்களுக்கு அதன் வழியாகப் பாடம் கொடுத்தார்கள். நேரடி வகுப்பில் சித்தியடைந்தவர்களின் வீதத்தை இது எட்டவில்லை. திட்டம் இடைநிறுத்தப்பட்டது. தங்கள் தயாரிப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்று திரனே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

ஹார்வர்டும் எம்.ஐ.டியும் நடத்திய இலவசப் பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வின்படி, 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முடித்தார்கள். ஏற்கனவே படித்தவர், தானாக உட்கார்ந்து படிக்கப் பழகியவர், இவர்களுக்கு இணையம் பெரிய நிஃமத். தள்ளாடுகின்ற பிள்ளைக்கு அதே இணையம் வெறும் விஜாதா. ஏடு கையில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

*

பிறகு 2020. மார்ச் மாத நடுப்பகுதியில் நம் பாடசாலைகள் மூடப்பட்டன. ஈ-தக்சலாவ தளம் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் போயின. ஆனால் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில்தான் கணினி இருந்தது. ஆகவே நம் வகுப்பறை வட்ஸ்அப் ஆனது. ஒரே போன், மூன்று பிள்ளைகள், அதுவும் வாப்பா வேலைவிட்டு வந்த பிறகு. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவவில் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டுவழியே நடந்து பாறையில் ஏறிய படத்தை உலகமே பார்த்தது.

சிக்னல் மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒல்லாந்தின் கதை. அங்கே கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நல்ல இணையம். பாடசாலைகள் மூடியிருந்தது சுமார் எட்டு வாரம்தான். அப்படியிருந்தும் 2021இல் வெளியான ஆய்வு, ஆரம்பப் பிரிவு மாணவர்கள் ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான கற்றலை இழந்ததாகக் கண்டது. படிப்புக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 சதவீதம் வரை அதிகம். வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் வித்தியாசத்தைச் செய்தது.

இனி பொட்ஸ்வானா. அதே காலத்தில் அங்கே சுமார் 4,500 குடும்பங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சூம் இல்லை, டெப் இல்லை. சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்.எம்.எஸ்ஸில் போனது. வேறு சில குடும்பங்களுக்கு அதே எஸ்.எம்.எஸ்ஸோடு வாரம் ஒரு தடவை 20 நிமிடத்துக்குள் ஒரு போன் அழைப்பும் போனது. பிள்ளையோடு பேசி, கணக்கைச் செய்யச் சொல்லி, கேட்டார்கள். எஸ்.எம்.எஸ் மட்டும் கிடைத்தவர்களில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அழைப்பும் கிடைத்தவர்கள் முன்னேறினார்கள்.

*

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது.

பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த மைக்கல் மூர் 1970களிலேயே சொன்னார்: தொலைக்கல்வியில் முக்கியமான தூரத்தை மைலில் அளக்க முடியாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூரம் கூடும். அப்படிப் பார்த்தால் 45 பேர் இருக்கும் வகுப்பில் கடைசி வாங்கில் வருடம் முழுக்க ஒரு தடவையும் பேசப்படாமல் இருக்கும் பிள்ளையும் தொலைவில்தான் படிக்கிறது. ஆகவே நேரடி வகுப்பு என்பதாலேயே நாம் பெருமைப்பட முடியாது.

ஈடுபாடு என்பதையும் ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்: நடத்தையால், உணர்வால், சிந்தனையால். கொரோனா காலத்தில் மேலிடம் கேட்ட அறிக்கைகள் எல்லாம் முதலாவதைப் பற்றியவை. எத்தனை பேர் குரூப்பில் இருக்கிறார்கள், எத்தனை பேர் லொகின் ஆனார்கள், எத்தனை பிடிஎப் அனுப்பினீர்கள். நீல நிற டிக் விழுந்தால் 'பார்த்தார்' என்று அர்த்தம். விளங்கினாரா, அழுதாரா, போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாரா என்று அந்த டிக் சொல்லாது.

அடுத்த தடவை பாடசாலை மூடும்போது, இன்ஷா அல்லாஹ் அது வராமல் இருக்கட்டும், நாம் கேட்கவேண்டியவை மூன்று.

ஒன்று, அனுப்பும் பாடத்தின் அளவைப் பாதியாக்கி, திரும்பி வரும் விடையைப் பார்க்க ஆசிரியருக்கு நேரம் தரப்படுமா? பத்துச் செயலட்டை அனுப்பி ஒன்றையும் திருத்தாமல் விடுவதைவிட இரண்டை அனுப்பி இரண்டையும் திருத்துவது மேல்.

இரண்டு, ஸ்மார்ட் போன் இல்லாத பிள்ளைக்குச் சாதாரண போனில் வாரம் ஒரு அழைப்பு எடுக்க ஆசிரியருக்கு ரீலோட் காசு யார் தருவார்? 2020இலும் 2021இலும் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில்தான் டேட்டா போட்டார்கள்.

மூன்று, பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் திரை வாங்கச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை, பின்தங்கிய பிள்ளையோடு பின்னேரம் உட்கார்ந்து வாசிக்க ஒருவருக்குக் கொடுக்க முடியாதா? உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிட்மனுக்குத் தபால் தேவைப்பட்டது. பொட்ஸ்வானாவில் போன் தேவைப்பட்டது. பிள்ளை ஓத, கேட்க ஒரு ஆளை வைத்துவிட்டு எந்தக் கருவியையும் வாங்குங்கள்.

உங்கள் பாடசாலையில் அந்த மாதங்களில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று கீழே எழுதுங்கள். அதிபர்மாரும் வலயத்தில் இருப்பவர்களும் வாசிக்கிறார்கள். பெற்றோரும் எழுதலாம், உங்கள் குரல்தான் அறிக்கைகளில் வராதது.