பழைய பெட்போர்டுக்கு எந்தக் கியர்? நிலாவெளிக் கராஜ் ஒன்றில் கற்ற கணக்கு

நிலாவெளியில் எங்கள் மாமாவின் வளவில் ஒரு பெட்போர்ட் லொறி நிற்கிறது. 1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியபோது அயலில் இருந்த ஏழு குடும்பங்கள் அதில் ஏறித்தான் வெளியேறின என்று அம்மா சொல்வார். டீசல் முடிந்த இடத்தில் லொறியை விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். பல வருடங்கள் கழித்து மாமா தேடிப் போனபோது எஞ்சினும் இல்லை, கியர்பொக்ஸும் இல்லை. பின் அக்சில் மணலில் புதைந்து கிடந்ததால் தப்பியிருந்தது. லொறியின் பதிவுப் புத்தகத்தை அம்மம்மா காணி உறுதியோடு சேர்த்து உரப்பையில் சுற்றி முகாம் முகாமாகக் கொண்டு திரிந்திருந்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, பாவித்த லொறிகளின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போனது. மாமி தன் இரண்டு காப்புகளையும் அடகு வைத்தார். பெட்போர்டைத் திரும்ப எழுப்புவது என்று முடிவானது. எங்களைப் போல வளவில் ஒரு பழைய லொறியை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் வடக்கு கிழக்கில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எஞ்சின் தேடுவதில் நாங்கள் பணத்தை இழக்கவில்லை. இழக்க இருந்தது கியரில்.

வேகமான அக்சில் என்ற ஆசை

மாமா வாங்கியது பாவித்த இசுசு டீசல் எஞ்சின் ஒன்று. பழைய பெட்போர்ட்களுக்கு ஜப்பான் எஞ்சின் போடுவது நம் கராஜ்களில் புதிதல்ல. ஆனால் கேட்ட இடமெல்லாம் ஒரே ஆலோசனைதான்: “பின் அக்சிலையும் மாற்றுங்கோ, பழையது இழுக்கும், ஆனா ஓடாது.” சிறிய ஜப்பான் லொறியின் அக்சில் ஒன்றும் விலைக்கு இருந்தது. மாமா முற்பணம் கொடுக்கப் போன நாளில் கராஜ் அண்ணன் தடுத்தார். “பிள்ளை, முதல்ல கணக்கைப் பாருங்கோ” என்று என்னிடம் ஒரு சோக்கட்டியைத் தந்தார்.

மூன்று அளவுகள்

முதலாவது ரயரின் சுற்றளவு. ரயரிலும் நிலத்திலும் சோக்கால் கோடு போட்டு, லொறியை ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, தூரத்தை அளக்க வேண்டும். எங்களுக்கு 3 மீற்றர் வந்தது.

இரண்டாவது அக்சிலின் விகிதம். டிஃபரன்சலைத் திறந்திருந்தால் கிறவுண் வீலின் பற்களை எண்ணி, பினியனின் பற்களால் பிரித்தால் போதும். எங்களுடையதில் 31, 5. அதாவது 6.2. திறக்காமலும் அறியலாம். கியரை நியூட்ரலில் விட்டு, முன் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, பின் சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். புறொப்பெலர் சாஃப்ட் எத்தனை தடவை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால்தான் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு.

மூன்றாவது கியர்பொக்ஸ். ஐந்தாம் கியர் என்றால் ஓவர்டிரைவ்தான் என்று நம்பிவிடக் கூடாது. கியர்பொக்ஸை மேசையில் வைத்து ஐந்தாம் கியரில் போட்டு, எஞ்சின் பக்கச் சாஃப்டைப் பத்துத் தடவை சுற்றுங்கள். வெளிச் சாஃப்டும் பத்துத் தடவை சுற்றினால் அது நேர்க் கியர். பன்னிரண்டரைத் தடவை சுற்றினால் 0.8, அதாவது ஓவர்டிரைவ்.

கணக்கு சொன்னது

எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை ரயர் சுற்றளவாலும் 0.06 ஆலும் பெருக்கி, கியர் விகிதத்தாலும் அக்சில் விகிதத்தாலும் பிரித்தால் மணிக்குக் கிலோமீற்றரில் வேகம் கிடைக்கும். எஞ்சினை 2,400 சுற்றுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பழைய அக்சிலும் நேர்க் கியரும் என்றால் 70 கிலோமீற்றர். வாங்க இருந்த அக்சிலின் விகிதம் 4.3. அதைப் போட்டால் 100. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கியரிலும் சில்லுக்குப் போகும் இழுவை 31 வீதம் குறைந்துவிடும். மாமா ஏற்றப்போவது உப்பும் மணலும் விறகும். உப்பளத்து வரம்பிலும் கடற்கரை மணலிலும் அசைய முடியாத லொறிக்கு 100 கிலோமீற்றர் வேகம் எதற்கு? அப்படி அக்சில் மாற்றிய ஒருவரின் லொறி மணலில் கிளச் எரிந்து நின்றதைக் கராஜ் அண்ணனே கட்டி இழுத்திருக்கிறார். சிறிய லொறியின் அக்சில் பெட்போர்டின் பாரத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

ஆகவே பழைய அக்சிலை வைத்துக்கொண்டு, 0.8 ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பொக்ஸைத் தேடினோம். 60 கிலோமீற்றரில் போகும்போது நேர்க் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 2,070 சுற்றுச் சுற்றும். ஓவர்டிரைவில் 1,650. வெறும் லொறியாகத் திரும்பி வரும்போது சத்தமும் தேய்மானமும் குறையும், டீசலும் மிஞ்சும். 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

ஓவர்டிரைவில் புறொப்பெலர் சாஃப்ட் எஞ்சினை விட வேகமாகச் சுற்றும். 2,400 சுற்றில் அது 3,000. நீளமான சாஃப்ட் என்றால் பலன்ஸ் பார்த்து, நடுப் பெயரிங்கையும் மாற்றிவிடுங்கள். பாரத்தோடு ஏற்றத்தில் ஓவர்டிரைவில் இழுக்க வேண்டாம்.

புது எஞ்சினின் பலம் பழையதை விடக் கூடவாக இருந்தால், முதலாம் கியரில் அக்சில் சாஃப்ட் முறியக்கூடும். புதைந்த லொறியைக் கிளச்சைப் பட்டென்று விட்டு எடுக்காதீர்கள். மண்ணை வெட்டி எடுங்கள்.

கணக்கின்படி ஓவர்டிரைவில் 87 கிலோமீற்றர் போகலாம். ஆனால் பிறேக் அந்தக் காலத்து ட்ரம் பிறேக். வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான், கியர் அல்ல. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பலகடுவ இறக்கத்தில் பாரத்தைப் பிடித்து வைப்பதும் சிறிய கியரும் 6.2 அக்சிலும்தான்.

ஒயிலிலும் தவறு விடாதீர்கள். பெட்போர்டின் ஹைபோயிட் டிஃபரன்சலுக்கு ஜிஎல்-5 ஒயில் வேண்டும். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 பாதுகாப்பானது.

எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைத் தவற விடாதீர்கள். அம்மம்மா காத்த புத்தகம் இல்லாவிட்டால் எங்கள் லொறி இன்றைக்கும் பழைய இரும்புதான்.

இப்போது மாமா திருகோணமலைக்கு உப்பு ஏற்றுகிறார். இறக்கக்கண்டிப் பக்கம் மணல் ஏற்றப் போனால் முதலாம் கியரில் மெதுவாக ஊர்ந்து வெளியே வருகிறது. காப்புகளில் ஒன்றை மீட்டுவிட்டோம். மற்றது இன்னும் அடகில் இருக்கிறது.