சோலூரில் வாசிக்கப்பட்ட சூரியன்

அவிநாசி என்றதும் தேரும், முதலையுண்ட பாலகனை மீட்ட கதையுமே நம் நினைவில் எழுகின்றன. 1871 டிசம்பர் 12, கார்த்திகை அமாவாசைக் காலையும் அங்கே நினைக்கத்தக்கது. முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் அன்று மேலைக் கடற்கரையில் ஏறி, நீலகிரியையும் கொங்குநாட்டையும் கடந்து, புதுக்கோட்டை வழியே இலங்கைக்குச் சென்றது. சென்னை வானாய்வகத்தின் போக்சன் அவிநாசியில் காத்திருந்தார்; தொட்டபெட்டாவில் டென்னன்ட்; நீலகிரியின் சோலூரில் பிரான்சிலிருந்து வந்த ஜான்சென்.

விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் என்று 1835-இல் எழுதியவர் தத்துவஞானி ஆகஸ்ட் கோம்த். 1859-இல் கிர்க்காஃபும் புன்சனும் அதைப் பொய்யாக்கினர். ஒளியைப் பட்டகத்தால் விரித்தால் தோன்றும் கோடுகளில் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய இடத்தில் கையொப்பமிட்டிருக்கிறது.

ஜான்சென் சோலூரில் கரோனாவின் மங்கிய ஒளியை விரித்தார். சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகள் அதிலும் தென்பட்டன. ஆகவே கரோனாவின் ஒளியில் ஒரு பகுதி, சூரியனிடமிருந்து வந்து சிதறிய ஒளியே. கூடவே ஒரு பச்சைக்கோடும் இருந்தது. அது 1869-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் காணப்பட்டது. இரும்பின் கோடோ என்று முதலில் ஐயுற்றார்கள்; பின்னர் துல்லியமாக அளந்தபோது இடம் பொருந்தவில்லை. புவியில் இல்லாத தனிமம் என்று கருதி 'கொரோனியம்' எனப் பெயரும் சூட்டிவிட்டார்கள். ஏட்டுச்சுவடியோடு பழகியோர் இதைக் கண்டு நகைக்கமாட்டார்கள். பிடிபடாத ஒரு சொல்வடிவைப் புதுச்சொல்லென்று அகராதியில் ஏற்றிய பிழை நம்மிடமும் உண்டு.

கோடு தனிமத்தை மட்டுமன்றி வெப்பத்தையும் சார்ந்தது என்பதை 1920-இல் மேகநாத சாகா கணக்கிட்டுக் காட்டினார். வெப்பம் மிகுந்தால் அணு எலக்ட்ரான்களை இழக்கும், கையொப்பமே மாறிவிடும். கொரோனியத்தின் புதிர் 1940-களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு எட்லேனால் அவிழ்ந்தது. அது பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு! முதலில் எழுந்த ஐயத்தில் தனிமம் சரியாகவே இருந்தது; நிலைதான் வேறு. அந்நிலைக்குப் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்பிலோ ஏறத்தாழ 5,500 டிகிரிதான். இந்த முரண் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

போக்சன் பணியாற்றிய சென்னை வானாய்வகத்தின் மரபு கொடைக்கானல் வழியாக இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அடைந்தது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தில் அந்நிறுவனம் அமைத்த கருவி, அதே பச்சைக்கோட்டை ஆராய்வதற்கென்றும் வடிவமைக்கப்பட்டது. அதற்குக் கிரகணம் வேண்டியதில்லை.