ஓட்டை இல்லாத பிளாஸ்டிக்கும் கைவிடும்

ஓசூர்னா நமக்கு சிப்காட் ஞாபகம் வரும், ரோஜா ஞாபகம் வரும். ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது ரசாயனம். ஆலையில கரைப்பான், பாலிஹவுஸ்ல பூச்சிமருந்து. அதைக் கையாள்றவங்க தோலைக் காப்பாத்த வேண்டியது ஒரு மெல்லிய படலம். அதை எதை வெச்சு நம்புறது? இன்னைக்கு அந்தக் கதைதான்.

2020-ல கொரோனா கவச உடைகளைச் சோதிச்ச முக்கியமான இடங்கள்ல கோயம்புத்தூர் சிட்ராவும் ஒண்ணு. செயற்கை ரத்தத்தைத் துணி மேல அழுத்தி, மறுபக்கம் கசியுதான்னு பார்ப்பாங்க. ரசாயனத்துக்கு இது மட்டும் பத்தாது. ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக்லயும் மூலக்கூறுகள் கரைஞ்சு, நகர்ந்து, மறுபக்கம் வெளியேறும். கண்ணுக்கு ஈரமே தெரியாது. இதுக்குப் பேர் பெர்மியேஷன்.

இதை அளக்க அமெரிக்காவுல 1981-ல ஏ.எஸ்.டி.எம். எஃப்739 என்ற தரமுறை வந்தது. ரெண்டு அறைக்கு நடுவுல படலம். ஒரு பக்கம் ரசாயனம், மறுபக்கம் அதைக் கண்டுபிடிக்கிற கருவி. எத்தனை நிமிஷத்துல கடந்து வருதுங்கிறதுதான் கணக்கு.

இது வெறும் கணக்கு இல்ல. 1996 ஆகஸ்ட்ல அமெரிக்க வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் லேடெக்ஸ் கையுறை மேல டைமெத்தில் மெர்க்குரி சில சொட்டு விழுந்தது. 1997 ஜூன்ல அவர் இறந்துட்டார். பிறகு சோதிச்சுப் பார்த்தா, அந்த மாதிரி கையுறையை அது 15 வினாடிக்குள்ள கடந்துடுது.

எல்லாத்தையும் தடுக்கிற ஒரே பிளாஸ்டிக் கிடையாது. பாலிஎத்திலீன் தண்ணியை நிறுத்தும், டொலுவீனை விட்டுடும். ஈ.வி.ஓ.ஹெச். பல கரைப்பான்களை நிறுத்தும், ஆனா ஈரத்துல பலவீனமாகும். அதனால அதை நடுவுல வெச்சு, பாலிஎத்திலீனால மூடி, அடுக்குப் படலமா செய்றாங்க.

சரி, அதை மாட்டிக்கிட்டு வெயில்ல மருந்தடிக்க முடியுமா? வியர்வையும் வெளியே போகாதே! சோதனையில ஜெயிச்ச உடை ஆணியில தொங்கினா யாருக்கு லாபம்? நம்ம பக்கத்து பெங்களூருல இருக்கிற இன்ஸ்டெம் வேற வழியை யோசிச்சது. 2024 டிசம்பர்ல அறிமுகமான 'கிசான் கவச்' பருத்தித் துணியில செஞ்சது. பூச்சிமருந்தைத் தடுக்கிறதுக்குப் பதிலா, பட்டதும் அதைச் சிதைச்சு செயலிழக்க வைக்கும். துவைச்சுப் போடலாம். அறிமுக விலை 4,000 ரூபாய்.

மென்பொருள்ல நாங்க கேக்குற கேள்விதான் இங்கேயும்: டெஸ்ட் பாஸ், சரி, எந்த டெஸ்ட்? உங்க வேலையிடத்துல பாதுகாப்பு உடை கொடுத்தா, ரெண்டே விஷயம் கேளுங்க. எந்த ரசாயனத்துக்கு? எத்தனை நிமிஷத்துக்கு?