ஏலமும் இணக்கமும்: 1931-இன் ‘பிரிட்ஜ் போர்’ எதை நிரூபித்தது?

1931 டிசம்பர் 7 அன்று நியூயார்க்கின் சாத்தம் ஹோட்டலில் தொடங்கி, 1932 ஜனவரி 8 அன்று வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் முடிவுற்ற சீட்டாட்டம் ஒன்றை அமெரிக்கப் பத்திரிகைகள் ‘நூற்றாண்டின் போர்’ என்று அழைத்தன. ஒருபுறம் எலி கல்பர்ட்சனும் அவர் மனைவி ஜோசஃபினும். மறுபுறம் சிட்னி லென்ஸும் ஆஸ்வால்ட் ஜேகபியும். பெருமந்தத்தில் வங்கிகள் சரிந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், தடுப்புத் திரையின் இடுக்கு வழியாக நால்வரின் ஆட்டத்தை எட்டிப்பார்த்துச் செய்தியாளர்கள் நாடெங்கும் செய்தி அனுப்பினர். 150 ரப்பர்கள் முடிந்தபோது கல்பர்ட்சன் அணி 8,980 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கல்பர்ட்சனின் ஏல முறையே சிறந்தது என்று பொதுமக்கள் முடிவு செய்தனர். அவருடைய நூல்கள் விற்றுத் தீர்ந்தன. அந்த முடிவு ஆதாரமற்றது என்பதைக் காட்டப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஏல முறைகள் ஏன் அவ்வளவு பெரிய வணிகப் பொருளாயின என்பதை முதலில் பார்க்க வேண்டும். முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில், குறைவாக ஏலம் கேட்டுவிட்டு அதிகப் பிடிகள் எடுத்தாலும் அவையனைத்தும் ‘கேம்’ கணக்கில் சேர்ந்தன. 1925-இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் பனாமா கால்வாய் வழிக் கப்பற்பயணம் ஒன்றில் வகுத்த புதிய கணக்கு அதை மாற்றியது: முன்கூட்டியே கேட்ட பிடிகள் மட்டுமே ‘கேம்’ கணக்கில் சேரும். ஆகவே தன் கையிலுள்ள 13 சீட்டுகளின் வலிமையை எதிரே இருப்பவருக்குத் துல்லியமாக உணர்த்துவது ஆட்டத்தின் மையமாயிற்று. உணர்த்துவதற்கு இருப்பவையோ 35 ஏலங்கள், பாஸ், டபிள், ரீடபிள் என 38 சொற்கள்தாம். இத்தனை குறைந்த சொற்களைக் கொண்டு பேச வேண்டுமானால், ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று இணையர் இருவரும் முன்பே உடன்பட்டிருக்க வேண்டும். கல்பர்ட்சன் முறையில் ஒருவர் இரண்டு என்ற நிலையில் ஏலத்தைத் தொடங்கினால், ‘கேம்’ எட்டும்வரை இணையர் பாஸ் சொல்லக் கூடாது. லென்ஸ் முதலிய பழைய ஆசான்கள் 1931-இல் கூடி ‘அதிகாரபூர்வ முறை’ என்ற பெயரில் போட்டி முறை ஒன்றை அறிவித்தனர். கல்பர்ட்சன் சவால் விட்டார். தாம் 5,000 டாலரும் லென்ஸ் 1,000 டாலரும் பந்தயம் வைப்பது என ஏற்பாடாயிற்று.

ஆனால் ஏல முறைகளை ஒப்பிட அந்தப் போட்டியின் அமைப்பு இடம் தரவில்லை. ரப்பர் பிரிட்ஜில் இரு அணிகளுக்கும் வெவ்வேறு சீட்டுகள் விழுகின்றன. 8,980-ஐ 150-ஆல் வகுத்தால் ரப்பருக்கு ஏறத்தாழ 60 புள்ளிகள். ஓரிரு நல்ல கைகள் யாரிடம் விழுந்தன என்பதே இந்த வேறுபாட்டை விளக்கிவிடும். இதைக் கல்பர்ட்சன் நன்கறிவார். 1930-இல் லண்டனில், எந்த மரபுக் குறிப்பும் இன்றி நேரடியாக ஏலம் கேட்பதே போதும் என்று வாதிட்ட கர்னல் வால்டர் புல்லரின் அணியை அவர் எதிர்கொண்டபோது, 200 கைகள் ‘டூப்ளிகேட்’ முறையில் ஆடப்பட்டன. அதாவது ஒரு மேசையில் விழுந்த அதே சீட்டுகள் மறு மேசையில் எதிரணிக்கும் கிடைத்தன. அங்குக் கிடைத்த 4,845 புள்ளி வெற்றி, பத்திரிகைகள் கொண்டாடிய பிந்தைய வெற்றியைவிட எவ்வளவோ கனமான சான்று. (ரம்மி திறமை சார்ந்த ஆட்டமே என்று கூறிய இந்திய உச்ச நீதிமன்றம், அதில் உள்ள தற்செயலைப் பிரிட்ஜில் சீட்டு விழும் தற்செயலோடுதான் ஒப்பிட்டது. அந்தத் தற்செயல் இல்லை என்று நீதிமன்றமும் சொல்லவில்லை.)

நியூயார்க்கில் உண்மையில் சோதனைக்குள்ளானது வேறொன்று. 58 வயது லென்ஸ் அனுபவத்தின் உச்சியில் இருந்தவர். 29 வயது ஜேகபி காப்பீட்டுக் கணிதத்தில் பயின்றவர், மின்னல் வேகக் கணக்கர், அந்நாளில் புதுமையாயிருந்த ‘சைக்கிக்’ ஏலத்தில் பெரு விருப்பமுள்ளவர். கையில் வலிமையோ குறித்த இனமோ இல்லாமலே, இருப்பதுபோல் ஏலம் கேட்டு எதிரிகளைத் திசைதிருப்புவதுதான் சைக்கிக். எதிரிகளிடம் நல்ல ஸ்பேடுகள் இருக்குமென ஊகித்து, வெறுங்கையோடு ‘ஒரு ஸ்பேடு’ என்று தொடங்குகிறார் ஒருவர் என்று கொள்வோம். எதிரிகள் குழம்பினால் ஆதாயம். ஆனால் எதிரே வலிமையான கையோடு அமர்ந்திருக்கும் இணையரும் அதே பொய்யைத்தான் கேட்கிறார். அவர் நம்பி நான்கு ஸ்பேடு வரை ஏறுகிறார். எதிரிகள் டபிள் சொல்கிறார்கள். தண்டப் புள்ளிகள் குவிகின்றன. அந்த ஒரு கையோடு நட்டம் முடிவதுமில்லை. அடுத்த முறை உண்மையான ‘ஒரு ஸ்பேடு’ வரும்போது இணையர் தயங்குகிறார், எளிதில் எட்டக்கூடிய ‘கேம்’ தவறிப்போகிறது. இந்த இரண்டாவது நட்டம் யாருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

லென்ஸுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. தொடக்கத்தில் அவர் அணியே முன்னிலையில் இருந்தது. பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. ஜேகபியின் ஏலங்களில் எது மெய், எது பொய் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. டிசம்பர் இறுதியில், 103 ரப்பர்கள் முடிந்த நிலையில், லென்ஸ் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ள, ஜேகபி விலகினார். அவரிடத்தில் கமாண்டர் வின்ஃபீல்ட் லிகெட் அமர்ந்தார். ஜேகபியைப் போன்ற மேதை அல்லர்; ஆயினும் இழந்த புள்ளிகளில் கணிசமான பகுதி அவர் காலத்தில்தான் மீண்டது. இதையும் சான்றாகக் கொள்ள இயலாது, சீட்டுகள் நன்றாக விழுந்திருக்கலாம். எனினும் எதிர்மேசையைக் கவனிக்க வேண்டும். ஜோசஃபின் இல்லாத வேளைகளில் லைட்னர் போன்றோர் கல்பர்ட்சனுக்கு எதிரே அமர்ந்தனர். ஆள் மாறினாலும் ஏலங்களின் பொருள் மாறவில்லை. லென்ஸ் அணியில் இரு பெரும் ஆட்டக்காரர்கள் இருந்தனர், ஓர் இணை இல்லை.

அப்படியானால் குற்றம் ஜேகபியுடையதா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிட முடியாது. லென்ஸ் அப்பழக்கத்தை நன்கு புரிந்துகொண்டு, பொய்யேலம் வந்தபோதெல்லாம் சரியான இடத்தில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்? அப்போது ஏமாறுவோர் எதிரிகள் மட்டுமே. இருவர் மட்டும் அறிந்த இரகசிய மொழியாக அது மாறியிருக்கும். இன்றைய பிரிட்ஜ் விதிகளின் 40-ஆம் பிரிவு இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது: அறிவித்த முறையிலிருந்து ஆட்டக்காரர் விலகலாம், ஆனால் அவ்விலகலை ஊகிக்க எதிரிகளைவிட இணையருக்குக் கூடுதல் காரணம் இருக்கக் கூடாது. இணையர் பழகிக்கொண்டால் அது உடன்பாடாகிவிடும், எதிரிகளுக்கும் சொல்லியாக வேண்டும். இந்த அளவுகோலின்படி பார்த்தால், லென்ஸின் குழப்பமே ஜேகபியின் நேர்மைக்குச் சான்று. 1965-இல் புவனோஸ் ஐரிஸில் பிரிட்டனின் ரீஸ், ஷபிரோ இணைமீது விரற்குறி காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டபோதும், 1975-இல் பெர்முடாவில் இணையருக்கிடையே திரை முதன்முதலாக வைக்கப்பட்டபோதும் விவாதம் இதே எல்லைக்கோட்டைப் பற்றியதுதான்.

ஜேகபி பின்னாளில் ‘ஃபோர் ஏசஸ்’ அணியில் சேர்ந்து பெரும் வெற்றிகள் பெற்றார். 1950-களில் அவர் பரப்பிய ‘டிரான்ஸ்ஃபர்’ ஏலம் இன்று உலகெங்கும் புழங்குகிறது. இணையர் ‘ஒரு நோட்ரம்ப்’ என்று தொடங்கியபின் ஒருவர் ‘இரண்டு டயமண்ட்’ என்றால், அவரிடம் இருப்பது குறைந்தது ஐந்து ஹார்ட்டுகள். கையில் இல்லாத இனத்தைத்தான் அவர் இங்கும் சொல்கிறார். ஆனால் மேசையில் அமர்ந்திருக்கும் நால்வருக்கும் அதன் பொருள் தெரியும்.