சந்திரனுக்காகச் சாய்ந்த மலை

ஊட்டியை அடுத்த முத்தோரையில், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மேடுகளை ஒட்டி, அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டகம் மலைச்சரிவில் படுத்துக் கிடக்கிறது. கோவையில் இயற்பியல் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், டிஷ் எங்க சார்?" வட்டமாக ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். எனக்கு ஏமாற்றம் வேறு. சமதரையில் கட்ட வேண்டியதை எதற்காகச் சரிவில் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சந்திரனுக்காக என்பதுதான் பதில். அதற்கு முன் ரேடியோ வானியலின் பிறவிக் குறையைச் சொல்லியாக வேண்டும். பால்வீதியிலிருந்து ரேடியோ அலைகள் வருவதை கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஒரு மீட்டர் நீள ரேடியோ அலை கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் நீளமானது. அலை நீள நீள, அதை வாங்கும் கருவியின் பார்வை மங்கும். இரவில் எங்கோ கோயில் திருவிழா ஒலிபெருக்கி கேட்கிறது, எந்தத் தெருவென்று மட்டும் தெரியவில்லை என்பதுபோன்ற நிலைமை. வானில் நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்கள் பட்டியலாகிவிட்டன. அவற்றில் எது எந்த விண்மீன், எது எந்த அண்டம் என்று கைகாட்ட முடியவில்லை.

1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் போல்ட்டனும் தோழர்களும் கடலோரக் குன்றின் உச்சியில் ஆண்டெனாவை வைத்து, நேராக வரும் அலையையும் கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் அலையையும் சேர்த்துப் பார்த்து மூன்று மூலங்களுக்கு முகவரி கண்டார்கள். 1951இல் கேம்பிரிட்ஜில் கிரஹாம் ஸ்மித், சிக்னஸ் ஏ என்ற மூலத்தின் இடத்தை ஏறக்குறைய ஒரு கலை அளவுக்குச் சுருக்கினார். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. பிரகாசமான மூலத்துக்கு ஒரு கலை போதும். மங்கலானதற்குப் போதாது, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே பல மங்கிய புள்ளிகள் தெரியும்.

சந்திரனைத் துணைக்கு அழைத்தவர் ரேடியோ வானியலார் சிரில் ஹசார்ட். நட்சத்திரங்களுக்கு நடுவே சந்திரன் மணிக்குத் தன் அகலம் அளவு, அதாவது அரைப் பாகை நகர்கிறது. நொடிக்கு அரை விகலை. அதற்குக் காற்று மண்டலம் கிடையாது; ஆகையால் விளிம்பு கூர்மையானது. எந்த நொடியில் அந்த விளிம்பு வானில் எங்கே இருக்கும் என்பது கணக்கில் உண்டு. விளிம்பிலுள்ள மலை, பள்ளங்களின் வரைபடம்கூட உண்டு. ஒரு மூலம் சந்திரனுக்குப் பின்னால் மறையும்போது அதிலிருந்து வரும் சிக்னல் சட்டென விழும். அந்த நொடியைக் குறித்தால், மூலம் அப்போதைய விளிம்பின் மேல் எங்கோ இருக்கிறது என்று பொருள். மறுபக்கம் வெளிவரும் நொடியைக் குறித்தால் இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் முகவரி. தொலைநோக்கியின் பார்வை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கவலையில்லை. நல்ல கடிகாரம் போதும். பார்வைக் குறையைக் கண்ணாடி போட்டுத் தீர்க்காமல் காலக் கணக்கால் தீர்த்த இந்தத் தந்திரத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

1962 ஆகஸ்ட் 5. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் இருந்த 64 மீட்டர் தொலைநோக்கி, 3சி 273 என்ற மூலம் மறைந்து வெளிவருவதைப் பதிவு செய்தது. வெளிவரும் நேரத்தில் சந்திரன் மிகவும் தாழ்ந்திருந்தது. கருவியை அதற்கு வகுத்த எல்லைக்கும் கீழே சாய்க்க வேண்டியிருந்தது, சாய்த்தார்கள். கிடைத்த இடம் ஏறக்குறைய ஒரு விகலை துல்லியம். அங்கே இருந்தது கன்னி மண்டலத்தில் 13ஆம் ஒளித்தரத்தில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு விண்மீன். 1963 பிப்ரவரியில் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் புரிந்துகொண்டபோது, அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது என்று தெரியவந்தது. குவாசர் என்ற இனமே அப்படித்தான் நமக்கு அறிமுகமானது.

அதே 1963இல் ஹோமி பாபாவின் அழைப்பில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர வந்த கோவிந்த் ஸ்வரூப், ஹசார்டின் கட்டுரையைப் படித்தார். இன்னும் மங்கலான மூலங்களையும் இந்த முறையில் பிடிக்க மிகப் பெரிய பரப்பு வேண்டும். சந்திரனை மணிக்கணக்கில் பின்தொடரவும் வேண்டும். அவ்வளவு பெரிய கருவியை இரண்டு அச்சிலும் திருப்புவது அன்றைய இந்தியாவுக்குக் கட்டுப்படியாகாது. நீண்ட உருளைவடிவ ஆடியின் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிட்டால், அந்த ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே இருக்கலாம். நிலநடுக்கோட்டில் என்றால் தரையில் கிடத்தினால் போதும். நம் ஊரிலோ, அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை ஆடியின் வடமுனை உயர வேண்டும். ஆக, தேவைப்பட்டது தெற்கு நோக்கி இறங்கும், ஏறக்குறைய 11 பாகைச் சரிவுள்ள, 11 பாகை அட்சரேகையில் அமைந்த ஒரு மலை. முத்தோரையில் கிடைத்தது.

நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், 23 மீட்டருக்கு ஒன்றாக 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின் மேல் தகடு கிடையாது, 0.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள 1,100 எவர்சில்வர் கம்பிகள்தான் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 92 சென்டிமீட்டர் அலைக்கு அந்தக் கம்பி வரிசையே முழுக் கண்ணாடி. நீலகிரிக் காற்று ஊடே போய்விடும். "கொடிக்கம்பி மாதிரி இருக்கு சார்" என்றான் ஒருவன், இருக்கிறதுதான்.

1970இல் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்களின் இடமும் அளவும் பதிவாயின. மங்கலான மூலங்கள் சராசரியில் சிறியவையாகவும் தெரிகின்றன என்று ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் காட்டியது, என்றும் மாறாத பிரபஞ்சம் என்ற கொள்கைக்கு எதிரான சான்றாக நின்றது. நம் பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்காதது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

சந்திரனுக்கும் எல்லை உண்டு. அதன் பாதையில் இல்லாத மூலத்தை அது ஒருநாளும் மறைக்காது. பாதையில் இருப்பதைக்கூடச் சில காலம் மாதந்தோறும் மறைக்கும். பிறகு அதன் பாதை விலகிப்போகும், பழைய இடத்துக்குத் திரும்ப 18.6 ஆண்டு ஆகும். பிற்பாடு கண்டங்களுக்கு இடையே ஆண்டெனாக்களை அணுக் கடிகாரத்தால் ஒத்திசைத்து, விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கும் முறை வந்தது. ஊட்டிக் கருவி பல்சர்களுக்கும் சூரியக் காற்றுக்கும் திரும்பியது.

1998 ஜனவரி 1 முதல் வானத்தின் அதிகாரபூர்வ ஆயத்தொலைவுகளை, அந்தக் கண்டம் கடந்த முறையில் அளந்த 212 ரேடியோ மூலங்கள் தீர்மானித்தன. ஆனால் கிழக்கு மேற்காக எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது? அயனாம்சத்துக்காக இன்றும் மல்லுக்கட்டும் நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும். கண்டம் கடந்த அளவீடு மூலங்களுக்கு இடையிலான தூரத்தைத்தான் துல்லியமாகச் சொல்லும், பூஜ்ஜியத்தைச் சொல்லாது. ரேடியோ வானியலார் 3சி 273ஐப் பிடித்துக்கொண்டார்கள். ஹசார்டும் தோழர்களும் 1971இல் வெளியிட்ட அதன் இடத்தை நிலையாக வைத்து மற்றவற்றை எண்ணினார்கள். 1998இன் புதிய ஆயத்தொலைவுச் சட்டகமும் அந்தத் தொடக்கப் புள்ளியையே வாங்கிக்கொண்டது.