துப்பறியும் திரைப்படமும் தாய்வழி முதுசமும்

துப்பறியும் கதைகளை வெறும் பொழுதுபோக்கெனப் புறந்தள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயின், ஒரு சமுதாயம் எதனைக் குற்றமென்றும் எதனை உரிமையென்றும் கொண்டது என்பதை அவற்றைப்போல் வெளிப்படையாகக் காட்டும் கலைவடிவங்கள் மிகச் சிலவே. கொனன் டொய்லின் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' என்னும் நாவலைத் தழுவி, 1939இல் ஹொலிவூட்டில் சிட்னி லான்பீல்ட் நெறிப்படுத்திய திரைப்படத்தை இந்நோக்கில் அணுகுவோம். பசில் றத்போன் ஷெர்லொக் ஹோம்ஸாகத் தோன்றிய முதற்படம் இதுவாகும்.

1880களின் இறுதியில் கதை நிகழ்கிறது. பிரபுக் குடும்பமொன்றைப் பேய்நாய் சாபமாகத் தொடர்கிறது. மாளிகைக்கு உரியவர் மர்மமாக இறக்கிறார். கனடாவிலிருந்து புதிய உரித்தாளன் வருகிறான். பேயென்பது பொய். நாயை ஏவியவன் அயலவனாக வேடமிட்ட உறவினன். மாளிகையில் தொங்கும் மூதாதையின் ஓவியம் அவனது முகச்சாயலைக் காட்டிக்கொடுக்கிறது. மூலநாவலில் இவன் இறந்தவரின் தம்பி மகன். இறந்தவரது செல்வமோ தென்னாபிரிக்காவில் ஊகவணிகத்தால் ஈட்டப்பட்டது. தந்தைவழி உரித்து என்ற ஒன்று இல்லையேல் இக்கொலைக்கு நோக்கமும் இல்லை. படமோ அவ்வுரித்தை இயற்கை நியதிபோலக் கொள்கிறது.

அது இயற்கை நியதியன்று என்பது வேறொரு சொத்துமுறையோடு ஒப்பிடுமிடத்தே புலனாகும். அதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. அதே விக்ரோறியாவின் ஆட்சிக்குட்பட்டிருந்த மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முக்குவர் சட்டம் வழங்கிற்று. அதன்படி முதுசம் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. தேடியதேட்டமே சொந்தப் பிள்ளைகளுக்குரியது. குடி தாய்வழியே எண்ணப்பட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்றவற்றின் வண்ணக்கர் பொறுப்புகளும் அவ்வழியே அமைந்தன. இம்முறையில், முதுசத்துக்காகத் தம்பி மகன் கொலை செய்வது பயனற்ற செயலாகும். பாஸ்கர்வில் மர்மம் இவ்வாவிக்கரையில் அவிழ்வதற்கு முன்னரே கலைந்துவிடும்.

இவ்வழக்குகளைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டம் அவற்றின் சட்டவலுவை இல்லாதாக்கியது. வடமாகாணத் தமிழரின் தேசவழமை விதிவிலக்காக எஞ்சியது. ஒரு முறைமை ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே நீதிமன்றத்திலிருந்து இறங்கியமை மனங்கொள்ளத்தக்கது. எட்டு ஆண்டுகளின் பின், 1884இல், தாய்வழி உரிமையின் வீழ்ச்சியைத் தனிச்சொத்தின் எழுச்சியோடு தொடர்புபடுத்தி எங்கெல்ஸ் எழுதினார். இங்கு அவ்வீழ்ச்சிக்குக் குடியேற்ற அரசின் ஒரு கட்டளைச்சட்டமே போதுமாயிற்று.

எனினும் பழைய முறையை நாம் இலட்சியப்படுத்தலாகாது. தாய்வழி உரித்து பெண்ணாட்சியன்று. முதுசத்தை நிருவகித்தோர் பெரும்பாலும் ஆண்களே. போடிமாரின் வயல்களில் உழைத்தோர்க்கு, நிலம் மகனைச் சேர்ந்தாலென்ன, மருமகனைச் சேர்ந்தாலென்ன? உரித்து எவ்வழி சென்றபோதிலும் உழைப்பின் பயன் அவர்களிடம் தங்கவில்லை.

ஹோம்ஸ் கொலைகாரனைக் கண்டுபிடித்ததும் சொத்து 'உரியவரிடம்' மீள்கிறது, படம் நிறைவுறுகிறது. தென்னாபிரிக்கச் செல்வம் யாருடைய உழைப்பு என்பது துப்பறிவாளனுக்குரிய வினாவன்று. வரலாற்று மாணவருக்கு அது தவிர்க்கவொண்ணாத வினா. மட்டக்களப்பின் நிலவுரிமை ஆவணங்களையும் குடிவழக்குகளையும் ஒருசேர ஆராயும் பணி அதிலிருந்தே தொடங்கவேண்டும்.