இரண்டு பான்டிங்குகளும் ஒரு துண்டு ரொட்டியும்

பிரித்தானிய அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலங்களை முன்னின்று நடத்திய லண்டன் நிறுவனத்தைச் சேர்ந்தவர் வில்லியம் பான்டிங். தம் அறுபதுகளின் நடுவில் அவரால் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட இயலவில்லை; மாடிப்படியில் பின்புறமாகவே இறங்கினார். ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு எடை ஏறத்தாழ 92 கிலோ. படகு வலித்தும் நீராவிக் குளியல் எடுத்தும் உடல் இளைக்கவில்லை. காது மந்தமாகவே, 1862இல் வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் சென்றார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குவது பற்றி கிளாட் பெர்னார் பாரிசில் வகுத்த கருத்துகளைக் கேட்டறிந்து வந்தவர் ஹார்வி. ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு அவர் கூறினார். இறைச்சிக்கும் மீனுக்கும் தடையில்லை. ஒயினுக்கும் தடையில்லை, பான்டிங் நாள்தோறும் அருந்திய அளவு இன்றைய மருத்துவர் எவரையும் திடுக்கிட வைக்கும். ஏறத்தாழ ஓராண்டில் 21 கிலோ குறைந்தது. 1863இல் இவ்வனுபவத்தைச் சிறுநூலாக அச்சிட்டார். சுவீடன் மொழியில் உடல் இளைக்க உணவைக் கட்டுப்படுத்துவதற்கு இன்றும் வழங்கும் சொல் 'பான்டா' என்பதே. பான்டிங் 81 வயது வரை வாழ்ந்தார்.

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையின் வரலாற்றை இந்த வெற்றிக் கதையிலிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் அதன் வேர் நோயாளியின் படுக்கையருகே இருக்கிறது. 1797இல் பிரித்தானியப் பீரங்கிப்படை மருத்துவர் ஜான் ரோலோ, மெரிடித் என்னும் நீரிழிவுற்ற படைத்தலைவருக்கு இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை விதித்த விவரத்தை வெளியிட்டார். விலங்குக் குருதியும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டமும், பழைய இறைச்சியும் அதில் அடங்கும். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. மெரிடித் பருமனாக இருந்து நோயுற்றவர் என்பதைக் கவனிக்க வேண்டும். இம்முறை அவருக்குப் பயன்பட்டதன் காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

உடல் மெலிந்த குழந்தைகளுக்கு நேர்ந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன், சிறுநீரில் சர்க்கரை மறையும்வரை நோயாளிகளைப் பட்டினியிட்டு, பின்னர் மிகக் குறைந்த உணவில் வைத்தார். மாவுச்சத்து மட்டுமன்றி உணவு முழுவதுமே சுருக்கப்பட்டது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூசின் மகள் எலிசபெத், 1919 முதல் ஆலனின் கண்காணிப்பில் இருந்தாள். 1922 ஆகஸ்டில் டொராண்டோ நகரை அடைந்தபோது அவளுக்கு வயது 15 நிரம்பும் தருவாய். எடை சுமார் 20 கிலோ. ஆலனைக் கொடியவர் எனல் தகாது. அவர் கையில் வேறு மருந்து இல்லை. அவர் வாங்கித் தந்தது காலம். அக்காலம் இன்சுலின் வரும்வரை நீண்டவர்கள் பிழைத்தார்கள். பலருக்கு அது நீளவில்லை.

டொராண்டோவில் எலிசபெத்துக்கு இன்சுலின் செலுத்தியவர் பெயரும் பான்டிங். ஃபிரெடரிக் பான்டிங், வில்லியமின் தூரத்து உறவினர் என்பர். முதல் பான்டிங் ரொட்டியை விலக்கி நலம்பெற்றார். இரண்டாம் பான்டிங் ஒரு சிறுமியின் தட்டில் ரொட்டியைத் திரும்ப வைத்தார். அவள் 1981 வரை வாழ்ந்தாள்.

இவ்விரு உடல்களையும் பிரித்தறியும் பார்வை இந்திய மருத்துவ நூல்களுக்குப் புதிதன்று. சுசுருத சம்ஹிதை பிரமேகத்தைப் பிறவியில் வருவது, தகாத உணவு நடையால் வருவது என இரண்டாக்குகிறது. முதலாமவர் மெலிந்தவர், அவருக்கு ஊட்டம் தருக என்கிறது. இரண்டாமவர் பருத்தவர், அவருக்கு உணவைக் குறைக்கச் சொல்கிறது. இதை இன்றைய முதல்வகை, இரண்டாம்வகை நீரிழிவோடு அப்படியே பொருத்துவது வரலாற்றுப் பிழை. எனினும் ஒரே உணவு விதி எல்லா உடலுக்கும் ஆகாது என்ற கவனிப்பு அங்கே தெளிவாக உள்ளது.

தற்கால ஆய்வுகளும் ஆர்வலர்கள் எதிர்பார்க்கும் உறுதியைத் தருவதில்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் நடத்திய ஓராண்டுச் சோதனையில், மாவுச்சத்தைக் குறைத்தோர் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தோர் 5.3 கிலோவும் இழந்தனர். புள்ளியியல் நோக்கில் இது வேறுபாடே அன்று. மாவுச்சத்துக் குறைப்பால் இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் இறங்குவது மெய். சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுவதும், நார்ச்சத்துக் குறைந்து மலச்சிக்கல் உண்டாவதும் அதே அளவுக்கு மெய். இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய மாத்திரைகளை உண்பவருக்குக் குருதியில் கீட்டோன் பெருகி உயிருக்கே ஊறு நேரலாம்.

இந்தியாவில் வினா இன்னும் கூர்மையாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடுதழுவிய ஆய்வு 2023இல் நீரிழிவுற்றோர் தொகையை 10.1 கோடி என மதிப்பிட்டது. அதே ஆய்வுத் தொடர், இந்தியர் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025இல் கண்டது. வெள்ளை அரிசிக்கு மாற்றாகச் சிறுதானிய மாவை வைத்தால் மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்து குறைந்து, பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் கூடும்போதுதான் நோய் வாய்ப்பு குறைவதாகத் தெரிந்தது. அதாவது, இங்கே தேவைப்படுவது ரோலோவின் குருதிப் பண்டமன்று. தட்டில் ஒரு கரண்டிச் சோறு குறைந்து ஒரு கரண்டிப் பருப்பு கூடுவது.

அந்தப் பருப்புக்குத்தான் விலை இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. 2023 தொடக்கம் முதல் அது விலையின்றிக் கிடைக்கிறது. அரிசியும் கோதுமையும் சிறுதானியமும் அச்சட்டத்தில் உண்டு. பருப்பு இல்லை.